அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், மாமாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

வேடசந்தூர்ப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 37 வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள், சின்னவன் ஏழாவது படிக்கிறான், அவன் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. ஒன்றரை வருடமாக அவளுக்கு மாதவிடாய் வந்தால் எட்டு நாள், ஒன்பது நாள் நிற்பதில்லை. எங்கள் ஆச்சி இதைப் பெரும்பாடு என்று சொல்லுவார். நைட் ஷிப்ட் இருந்தால் பேடுக்கு மேல் மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு போவாளாம், அதையும் மீறிப் பாவாடை நனைந்துவிடுமாம். இவ்வளவும் எனக்குப் போன வாரம்தான் தெரியும். நான் திருப்பூரில் இருக்கிறேன், போனில் பேசும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்டி" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மில்லில் தலைசுற்றி விழுந்துவிட்டாள். மாமா பயந்துபோய் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ரத்தம் (ஹீமோகுளோபின்) 7.8 இருக்கிறது என்றார்கள். ஸ்கேனில் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டி. டாக்டர் மாமாவை மட்டும் அறைக்குக் கூப்பிட்டு, பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அந்தப் பை எதற்கு, வைத்திருந்தால் கேன்சராகக்கூட மாறலாம், எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். மாமா கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மூன்று தாள். எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்தது, ஆபரேஷன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருந்ததாம். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

நேற்று ராத்திரி அக்காவிடம் போனில் "எதை எடுக்கப் போறாங்கன்னு தெரியுமா" என்று கேட்டேன். "கட்டியை எடுக்கிறாங்களாம்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பப்பையையே எடுக்கப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது! அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள், தினமும் பேப்பர் படிக்கிறவள்.

இந்த வயதில் எடுத்துத்தான் ஆக வேண்டுமா? தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் டாக்டர் கோபித்துக்கொண்டு அப்புறம் பார்க்காமல் விட்டுவிடுவாரா? ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டதற்கு, பில் முழுசாகக் கட்டியபின் தருகிறோம் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்களாம். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூன்று நாள்தான் இருக்கிறது.


வார்டு சிஸ்டர் எழுதியது:

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். பிரசவ வார்டிலும் பெண்கள் வார்டிலும்தான் அதிக காலம். உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை, அதனால் எடு, எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். முதலில் ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு ராத்திரியே அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். மாமா சொல்வார், டாக்டர் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். என் வார்டில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் "சிஸ்டர், எனக்கு இனிமே தீட்டு எப்போ வரும்" என்று கேட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? வெளியே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், வயிறு கிழிபட்டவளுக்கு மட்டும் தெரியாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 3 சென்டிமீட்டர் கட்டி என்பது நாங்கள் அடிக்கடி பார்க்கிறதுதான். நார்க்கட்டி, ஃபைப்ராய்டு என்பார்கள். அது கேன்சராக மாறுவது மிக மிக அரிது. மாதவிடாய் நிற்கிற வயதில் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும், நம் ஊர்ப் பெண்களுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டினால் அந்த வயதுதான். அதுவரைக்கும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போக்கு இருக்கிற நாட்களில் மட்டும் போடுகிற டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி மாதிரிக் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கிறது (அதை வைத்தால் சில வருடங்களுக்குப் போக்கு வெகுவாகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேகூடப் போகும்), கட்டியை மட்டும் எடுக்கிற ஆபரேஷனும் இருக்கிறது. இதில் எதையாவது உங்கள் அக்காவுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? கொடுத்துப் பார்க்காமலே கடைசிப் படிக்குப் போகிறார்கள் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

அப்புறம் அந்த 7.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7.8 இருக்கிறவளுக்கு ரத்தம் ஏற்றி அவசரமாக ஆபரேஷன் செய்வதைவிட, போக்கை நிறுத்தி, இரும்புச்சத்து ஏற்றி உடம்பைத் தேற்றிவிட்டு அப்புறம் யோசிப்பது எவ்வளவோ மேல், உயிருக்கு ஆபத்தான போக்காக இல்லாத வரைக்கும். தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள். தைராய்டு கோளாறினாலேயே இப்படிப் போகிற பெண்கள் உண்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை) எடுத்தார்களா, கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்களா? கேன்சர் பயம் என்றால் அந்தப் பயத்தை இந்தப் பரிசோதனைகளை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். பரிசோதிக்காமல் கேன்சர் என்ற சொல்லை மட்டும் ஒரு குடும்பத்தின் நடுவில் போட்டுவிட்டால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்?

டாக்டர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் போகட்டும், நீங்கள் வேறு இடம் பார்க்கலாம். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மகளிர் ஓ.பி.க்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள், கூட்டம் இருக்கும், ஆனால் பார்ப்பார்கள். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு, இரண்டு பேடு என்று நனைந்தாலோ, பெரிய பெரிய ரத்தக் கட்டியாகப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ வியாழன் வெள்ளி என்று பார்க்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.


கோமதி, நெல்லை எழுதியது:

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எனக்கு 34 வயதில் எடுத்தார்கள். இப்போது 46.

எனக்கும் இதே கதைதான். பெரும்போக்கு, ஒரு ஸ்கேன், மறுவாரம் ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், நானே சம்மதித்துத்தான் போனேன், மாதாமாதம் படுகிற பாட்டிலிருந்து விடுதலை என்று நினைத்தேன். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்திலேயே ராத்திரியில் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் தீயாகக் கொதிக்கும், ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும், எழுந்து போய் முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். தூக்கம் போயிற்று. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரரோடு இருந்த நெருக்கமும் போயிற்று, எரிச்சலும் வலியும்தான். யாரிடம் சொல்வது? "எடுத்தா அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார் சொன்னார், நானும் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

39 வயதில் வாசல் தெளிக்கும்போது வழுக்கி உட்கார்ந்தேன். கையை ஊன்றினதுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி எலும்பு மெலியக் கூடாதே, பழைய ஆபரேஷன் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பீரோவில் சேலைக்கு அடியில் ஐந்து வருடமாக மடித்தது மடித்தபடி இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். 'டி.ஏ.எச் வித் பி.எஸ்.ஓ' என்று இருந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அந்தத் தாளை ஐந்து வருடம் நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன், என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்டதில்லை.

சினைப்பையில்தான் பெண்ணுக்கு வேண்டிய ஹார்மோன் சுரக்கிறது, முப்பத்து நாலில் அதை எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற கிழவியின் உடம்பாகிவிடும், எலும்பு கரையும், இருதயத்துக்கும் நல்லதில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வயதில் மாற்று ஹார்மோன் கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு சினைப்பையில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை, ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டும் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது.

அதனால் தங்கச்சி, வேறு எது கேட்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "சினைப்பையை விட்டுவிடுவீர்களா, எடுப்பீர்களா, எடுத்தால் ஏன்?" அக்காவே கேட்கட்டும். பதிலை அந்தச் சம்மதத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.


பாபநாசம் தம்பி எழுதியது:

நான் ஆண், இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் ஒரு பக்கத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 50 வயதில் மாதவிடாய் நின்றது. 54ல் மறுபடி லேசாகக் கசிவு, துணியில் ஒரு கறை அளவுக்குத்தான். உடல் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு எட்டு மாதம் இருந்துவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை, மகனிடம் எப்படிச் சொல்வார். அப்பா இல்லை. என் மனைவி துணி துவைக்கும்போது பார்த்துக் கேட்டதால்தான் வெளியே வந்தது. பயாப்சியில் கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய். தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், ஆரம்ப நிலை என்பதால் இன்றைக்கு நன்றாக இருக்கிறார், போன மாதம் தனியாகப் பஸ் ஏறிக் குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தார்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னாலே ஏமாற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு அதுதான் உயிரைக் காப்பாற்றியது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதமும் போயிருக்காது. 37 வயதுக்காரர் கதை வேறு, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் தள்ளிப்போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பயாப்சியையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.


வழக்காடும் தோழி எழுதியது:

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

37 வயது, சுயநினைவோடு இருக்கிற பெண். அவள் உடம்பில் செய்கிற ஆபரேஷனுக்கு அவள் சம்மதம்தான் சம்மதம். கணவர் போட்ட கையெழுத்து அவளுடையதற்கு ஈடாகாது. 1995ல் டெல்லியில் ஒரு பெண் இதே மாதிரி அதிகப் போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று குழாய் விட்டுப் பார்ப்பதற்குத்தான் மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு, நோயாளி கண் விழிக்கும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று நீதிபதிகள் தெளிவாகச் சொன்னார்கள். என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, வேறு என்ன வழி இருக்கிறது, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இவ்வளவையும் நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. டாக்டர் நல்லெண்ணத்தில் செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. இருந்தும் சம்மதம் இல்லாமல் செய்தது தவறு என்று 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகை சின்னதுதான், ஆனால் அன்றைக்குச் சொன்ன சட்டம் இன்றைக்கும் நிற்கிறது.

கணவன் கையெழுத்து வழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில், குழந்தை பெற முடியாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. இருவர் சம்மதமும் என்றுதான் இருக்கிறது. அதைக் கணவனிடம் வாங்கினால் போதும் என்று ஆஸ்பத்திரிகள் வசதிக்குச் சுருக்கிக்கொண்டுவிட்டன.

ரிப்போர்ட் விஷயம். அதே 2002 விதிகளின்படி நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும், மூன்று வருடம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் அலைக்கழிப்பார்கள். ஒரு வெள்ளைத்தாளில் அக்கா பெயரில் தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, அக்கா கையெழுத்துப் போட்டு, இரண்டு நகல் எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டோம் என்று சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்ததுமே கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் மாவட்ட மருத்துவ ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கிற அரசு மருத்துவமனை அதில் வராது, அங்கே வேறு வழிகளில் போக வேண்டும்.

இன்னொன்று. இது உங்கள் அக்கா ஒருத்திக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள் என்று 2019ல் பெரிய செய்தியானது, மாதவிடாய் என்று லீவு போட்டால் கூலி போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்று ஒரு டாக்டரே பொதுநல வழக்குப் போட்டார். அதில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. 40 வயதுக்குக் கீழே எடுப்பதைத் தனியாகக் கவனித்துக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டுதலில் முக்கியமான விஷயம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பாருங்கள், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள், ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், பெரும்பாலும் தனியாரில். நூல் மில்லில் நிற்கிற பெண்ணையும் கரும்புக்காட்டில் குனிகிற பெண்ணையும் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது.


குறிஞ்சி எழுதியது:

நான் சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு முதல் பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில். மூன்று வருடம் கழித்து இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்து ஒன்றரை வருடம் தங்கவில்லை. சாமியாரிடம்கூடப் போனோம். கடைசியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா "காப்பர்-டி வச்சிருக்கீங்களே, அப்புறம் எப்படித் தங்கும்" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. பிரசவமான உடனேயே வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'பி.பி.ஐ.யூ.சி.டி' என்று எழுதியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலியில் இருக்கும்போது எதிலாவது கையெழுத்துப் போட்டேனா என்றும் எனக்கு நினைவில்லை.

காப்பர்-டி நல்ல சாதனம்தான், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நானே கேட்டு வைத்துக்கொண்டேன், பத்து வருடம் கவலை இல்லை. கேட்டு வைத்துக்கொண்டதற்கும் கேட்காமல் வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் என் மனசுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அந்தச் சீட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் ஒரு சிஸ்டரிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள்.


வேடசந்தூர்ப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் கோடி நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறினேன். காலையில் அக்காவிடம் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "என்கிட்ட ஏன் கேக்கல" என்று மாமாவைப் பார்த்துக் கேட்டாள், சத்தம்கூடப் போடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார், "நீ பயந்துருவேன்னுதான்" என்றார். கோமதி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். மாமாவே எழுந்து போய்ச் சின்னவன் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு வந்து, ரிப்போர்ட் கேட்டு எழுதுங்கள் என்றார். அக்கா கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வக்கீல் அக்கா சொன்னது போலவே, ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு எல்லா நகலையும் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம், மறுபடி யோசித்துச் சொல்கிறோம் என்று அக்காவே டாக்டரிடம் சொன்னாள். அவர் கோபப்பட்டார்தான், "அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கினோம், எங்களுக்கு முன்னால் அறுபது பேராவது இருப்பார்கள். உள்ளே போனபோது பதினொன்றரை. பரிசோதிக்கிற இடத்தில் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் நின்றார்கள், ஒரு பையன்தான் முதலில் பார்க்க வந்தான். அக்கா "ஒரு சிஸ்டர் கூட இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். என் அக்கா கேட்டாள்! யாரும் திட்டவில்லை, சிஸ்டர் வந்து திரையை இழுத்துவிட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் பெரிய டாக்டரம்மா வந்தார். அக்காவை உட்கார வைத்து ஒரு தாளில் கர்ப்பப்பையைப் படமாகப் போட்டு, கட்டி இந்தச் சுவருக்குள் இருக்கிறது, இந்த அளவு, உடனே எடுக்கிற அவசரம் எனக்குத் தெரியவில்லை என்றார். அக்கா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், பாப் ஸ்மியர் எடுத்தார்கள், பயாப்சிக்கும் எடுத்திருக்கிறார்கள், அது கொஞ்சம் வலித்ததாம். போக்கு நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து ஊசி ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டு வருகிறாள், நான்கு முடிந்திருக்கிறது.

இந்த மாதம் ஆறாம் நாளில் நின்றுவிட்டது. பேடு எத்தனை மாற்றினாள், எந்தத் தேதியில் எவ்வளவு என்று சின்னவனின் பழைய நோட்டில் எழுதுகிறாள், டாக்டரம்மா எழுதச் சொன்னாராம். ரிப்போர்ட், படம், நோட்டு எல்லாம் ஒரு மஞ்சள்பையில், பையை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறாள். பயாப்சி ரிசல்ட் வருகிற செவ்வாய்க்கிழமை. அதில் ஏதாவது இருந்து எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் சினைப்பை பற்றிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்கிறாள். தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதாம், தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை என்று அர்த்தமாம், அதற்கும் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா? ஊசி முடிந்ததும் இரும்பு மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குக் கூட்டத்தில் இதைக் கேட்க விட்டுப்போயிற்று.


வார்டு சிஸ்டர் எழுதியது:

படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது தங்கச்சி. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அரை மணி நேரத்துக்காவது காபி டீ வேண்டாம். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மதியமோ ராத்திரியோ வைத்துக்கொள்ளலாம். அதோடும் டீ குடிக்கக் கூடாது, பாலும் வேண்டாம், எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா என்றால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நைட் ஷிப்ட் இருக்கிற நாட்களில் எந்த நேரத்தில் எதைப் போடுவது என்று அக்காவே செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் கேட்டு அந்த நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ரிசல்ட் வந்ததும் இங்கே சொல்லுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.